மைனரின் நான்கு டிரம்கள்

பிப்ரவரி, ஞாயிறு

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்தில் மழை ஓய்ந்திருக்கும் இந்த வாரங்கள்தான் பிரேக்கைப் பிரித்து வேலை பார்க்க ஏற்ற காலம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் சொட்டும் நாளில் டப்பாவைத் திறந்து வைப்பது நல்லதல்ல.

எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் 1000, 1963ஆம் ஆண்டு வண்டி. பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த அப்பா அதைப் பழையதாக வாங்கினார். பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி இது. அந்தச் சாலையில் மாடு குறுக்கே வரும். ரப்பர் பால் லாரி எதிரே வரும். நிற்க வேண்டிய இடத்தில் நின்றதால்தான் இந்த வண்டி அத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சில நாள்களாகப் பெடல் முதல் மிதிக்கு ஆழமாகப் போகிறது, மறுமிதிக்குத்தான் பிடிக்கிறது. பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வலது பின்சக்கரத்தின் உட்புறம் ஈரக்கறை படிந்திருக்கிறது. நான்கு டிரம்களையும் திறந்தாக வேண்டும்.

சனி

தோட்டத்துப் பட்டறையில் லாரிகளையும் டிராக்டர்களையும் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். தொழில் கல்லூரியில் மோட்டார் வாகனப் படிப்பு படிக்கும் அக்கா மகளும் வந்தாள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைக்க அண்ணன் விடமாட்டார். தாங்குகால்கள் வைத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே சக்கரம் கழன்றது. மைனரில் டிரம்மை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். அட்ஜஸ்டரை முழுதும் தளர்த்திவிட்டு, மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் டிரம் வெளியே வந்துவிடும்.

உள்ளே கறுப்புத் தூசி. அக்கா மகள் காற்றுக் குழாயை எடுக்கப் போனாள். "ஊதாதே கண்ணு! பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது" என்று அண்ணன் தடுத்தார். முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வைத்தோம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும். பட்டறைகளில் காலமெல்லாம் அதை ஊதித் தள்ளியவர்களுக்கு இதை யாராவது அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தைத் தொடாமல் விட்டோம். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள அந்தப் பக்கம் மாதிரியாக இருக்கும்.

ஞாயிறு

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரேக் பம்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு ஷூவின் முன்முனையைத் தள்ளுகிறது. வண்டி முன்னே போகையில் சுழலும் டிரம்மே இரண்டு ஷூக்களையும் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். பெடலுக்கு உதவும் பூஸ்டர் எதுவும் இல்லாத இந்த வண்டி அந்தச் சுழற்சியிலிருந்துதான் பலம் வாங்குகிறது. பின்னோக்கிப் போகும்போது அந்த இழுப்பு கிடைக்காது. மேட்டில் வண்டி பின்வாங்கும்போது முன்பிரேக் சோர்ந்து தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பின்சக்கரத்துக்கு ஒரே பம்ப். அது பின்தட்டிலுள்ள நீள்துளையில் நகர்ந்து இரண்டு ஷூக்களுக்கும் அழுத்தத்தைப் பகிர வேண்டும். எங்கள் வண்டியில் இடது பம்ப் துருவால் அசையாமல் நின்றுவிட்டதால் ஒரு ஷூதான் வேலை செய்திருக்கிறது. வலப்பக்கம் அதைவிட மோசம்: அச்சின் ஆயில் சீல் கசிந்து, கியர் ஆயில் லைனிங்கில் ஊறிவிட்டது.

"பெட்ரோல்ல கழுவிட்டா போதாதா, தாத்தா?" என்று அண்ணனிடம் கேட்டாள் அக்கா மகள்.

"மேல துடைக்கலாம். உள்ள ஊறினது சூடு ஏறினா மறுபடியும் வெளிய வரும். முதல்ல கசிவை அடைக்கணும், அப்புறம்தான் புது ஷூ."

பம்ப்பின் உள்ளே இருந்த ரப்பர் கிண்ணம் உப்பி மெத்தென்று இருந்தது. "பாலுக்கு எண்ணெய் ஆகாது" என்றார் அண்ணன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரிந்த சங்கதி: ரப்பர் மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் ஊறி உப்பும். அதனால்தான் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் முறையின் தொடக்க காலப் பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தார்கள்; ஆமணக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்காது. பிறகு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. சீல்களும் இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பர். அந்தச் செயற்கை ரப்பரையும் எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் கெடுத்துவிடும். சீல் தொடர்பான எதையும் புதுப் பிரேக் ஆயிலாலோ மெத்திலேட்டட் ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டும்.

ரப்பர் மரத்தின் பால் கெடாவிலிருந்து கப்பலேறிப் போய், உலகெங்கும் எத்தனையோ வண்டிகளின் பிரேக்கில் வேலை பார்த்தது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து பால் வெட்டியவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டேதான் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன்.

புதன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி தவுக்கே கேட்ட முதல் கேள்வி: "ஏழு இஞ்சியா, எட்டு இஞ்சியா?" சரியான கேள்வி. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான நாள்முதல் மைனருக்கு நான்கு சக்கரத்திலும் 7 அங்குல டிரம்தான். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன்டிரம் மட்டும் 8 அங்குலமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தச் சிறு கார் உற்பத்தியில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார். அதனால் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. இலங்கையில் மைனருக்கான பாகங்களைச் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தவர்களும் உண்டு.

ஷூக்கள் நான்கு சக்கரத்துக்கும், பம்ப்புகள், பிரேக் ஹோஸ் மூன்று, பின் ஆயில் சீல்கள் எல்லாம் வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் அதே அச்சின் இரு பக்கமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒருபுறம் இழுக்கும். டிரம்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, கோடு விழுந்த உட்பரப்பை மெல்லிசாகச் சீவி வாங்கினேன். விரிசல் கண்ட டிரம் என்றால் சீவுவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சனி

மாட்டும் நாள். புது ஷூவின் லைனிங்கில் கைரேகை எண்ணெய்கூடப் படக்கூடாது என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஷூ உரசும் இடங்களில் பின்தட்டில் செம்பு கிரீஸ் மிகக் கொஞ்சமாய்த் தடவினோம். பின்பம்ப் நீள்துளையில் விரலால் தள்ளினாலே நகர்கிறதா என்று பார்த்த பிறகே ஷூவை ஏற்றினோம். ஸ்பிரிங்குகள் ஷூவுக்கும் பின்தட்டுக்கும் நடுவே அமர வேண்டும். முன்புறம் மாட்டினால் சுழலும் பாகத்தில் உரசும்.

மாஸ்டர் பம்ப் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்ற விரிப்பைத் தூக்கித் தரைமூடியைத் திறக்க வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் பலரும் வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. மூடியைச் சுற்றியிருந்த மண்ணை முழுதும் துடைத்த பிறகே திறந்தோம்.

அக்கா மகள் பெடலில் உட்கார்ந்தாள். "மிதி... பிடிச்சிக்க... விடு" என்று அண்ணன் கீழிருந்து குரல் கொடுத்தார். தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, கண்ணாடிப் புட்டியில் குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தோம். பிறகு சரிசெய்தல்: டிரம்மின் துளை வழியே ஸ்குரூடிரைவரை விட்டு, முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று என அட்ஜஸ்டர்களை டிரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, ஒரு பல் பின்னே விட வேண்டும். இதை முடித்த பிறகே ஹேண்ட்பிரேக் கேபிள். பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நின்றது.

"டிஸ்க் போட்டா இவ்வளவு வேலை இல்லையே, மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, டிஸ்க்கில் சூடு சீக்கிரம் ஆறும். ஆனால் முக்கால் டன் எடையுள்ள வண்டிக்கு, அந்த எஞ்சினின் வேகத்துக்கு, ஒழுங்காகப் பராமரித்த டிரம் போதும். அதன் எல்லை எதுவென்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச், ஞாயிறு

முதலில் ஆளில்லாத தோட்டச் சாலையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், நேராக நின்றது. புது லைனிங் டிரம்மோடு முழுதாகப் பொருந்தும்வரை அழுத்தி மிதிக்காமல், இடைவெளி விட்டு மென்மையாக நிறுத்திப் பழக்கினேன். அதன் பிறகு குரூண் பக்கமிருந்து ஜெராய் மலை ஏறினோம்.

1,217 மீட்டர் மலையிலிருந்து இறங்கும் வண்டிக்குப் பெடலை மட்டும் துணையாகக் கொள்ளக்கூடாது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடி குறையும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடலாம். மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. அது போனால் ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம். இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடிக்கவிட்டு, பெடலை விட்டு விட்டுத் தொட்டு இறங்கினோம். கீழே வந்து நான்கு டிரம்களிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தோம். இரு பக்கமும் ஒரே அளவு சூடு.

திங்கள்

நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. பெயர் மாற்றும்போதுதான் வாகனச் சோதனை நிலையத்தின் பக்கம் போகிறோம். அப்படியென்றால் அறுபது வயது வண்டியின் பிரேக்கைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் அதை ஓட்டுகிறவருடையது. பள்ளி விடும் நேரத்தில் சுங்கைப்பட்டாணிச் சாலையில் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு என் வண்டியின் பழம்பெருமையால் ஒரு நன்மையும் இல்லை. பெயிண்ட்டுக்கும் குரோமுக்கும் செலவழிப்பவர்கள் முதல் பணத்தைப் பிரேக்குக்கு ஒதுக்க வேண்டும் என்று என் பழைய கார் நண்பர்களிடம் இனி விடாமல் சொல்வேன்.

அண்ணன் போன்றவர்கள் கையால் கற்ற வேலை இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்தப் பட்டறைகளும் போய்விட்டன. அக்கா மகள் ஒவ்வொரு படியையும் அவர் சொன்ன சொற்களிலேயே தமிழில் எழுதி, படம் வரைந்து வைத்திருக்கிறாள். அதைப் படியெடுத்து, கெடாவில் மைனர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப் போகிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் மாதங்களில், ஆயிலை முழுதும் மாற்ற வேண்டும் என்பதை அதன் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.