பையும் கழுதையும்

முதுகுப்பை வாங்கப் போகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது எத்தனை லிட்டர் என்பது. 30ஆ, 45ஆ, 60ஆ. துணியில் தைத்த ஒன்றைப் பால் மாதிரி லிட்டரில் அளப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி முதலாவதாக வருவதில் ஒரு சூது இருப்பதாகப் படுகிறது. லிட்டர் தீர்மானமாகிவிட்டால் சாமான்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. 60 லிட்டர் பையில் 10 லிட்டரைக் காலியாக விட்டுக் கிளம்பிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் நீள்கவிதைக்காரர்கள் சிலருக்கும் இதுதான் நேர்கிறது. பக்கம் கிடைத்துவிட்டால் வரி வந்துவிடுகிறது.

நான் ஓசூரில் வங்கிக் குமாஸ்தா. 2015லிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. அந்தச் சனி ஞாயிறுகளில் ஒரு நண்பரோடு கர்நாடகத்தில் மாகடிக்குப் பக்கத்திலுள்ள சாவன்துர்காவுக்குப் போகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரம். காடும் வயலுமான பூமியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கிற ஒற்றைக் கருங்கல். கரிகுட்டா, பிளிகுட்டா என்று அதற்கு இரண்டு தலைகள். கருப்பு மலை, வெள்ளை மலை. அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் தோப்பில், அவரிடம் சொல்லிவிட்டு, ராத்திரி படுத்துக்கொள்வோம். விடிந்ததும் பாறை. "பழனிப் படி ஏறினாலும் புண்ணியமாவது உண்டு" என்கிறார் எங்கள் கேஷியர். அவர் சொல்வதற்குப் பதில் எதுவும் என்னிடம் இல்லை.

இவ்வளவு நாளும் இரவல் பைதான். அதன் சொந்தக்காரர் புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இதற்கிடையில், சென்ற வருஷம், என் இடுப்புப் பகுதியின் நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாகப் படம் எடுத்துச் சொன்னார்கள். நாற்காலியிலேயே பதினான்கு வருஷம் உட்கார்ந்ததற்குச் சம்பளம் போக மிஞ்சியது அது. பாரம் தூக்காதே என்றார் டாக்டர். எவ்வளவு பாரம் என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே வாங்கப் போகிற பையைப் பொறுத்துத்தான் நான் இனிமேல் பாறைக்குப் போவதும் போகாமல் இருப்பதும்.

எவ்வளவு பாரம் என்று நானே கணக்குப் போட்டேன், அதற்குத்தானே சம்பளம். 60 மீட்டர் கயிறு ஒன்று மூன்றே முக்கால் கிலோ. இடுப்பிலும் தொடையிலும் பூட்டிக்கொள்கிற ஹார்னஸ், பாறைக்கென்றே உள்ள இறுக்கமான காலணி, தலைக்கவசம், கயிற்றை விட்டுப் பிடிக்கிற கருவி எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்கு மேல். பாறையில் அறைந்த ஆணிகளில் கயிற்றை மாட்டும் காரபினர் ஜோடிகள் 12. அவை ஒரு கிலோவுக்குக் குறையாது. விரிப்பு, போர்வை, சாப்பாடு, டார்ச், ஸ்வெட்டர். பிறகு தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதில் எந்தக் கம்பெனியும் சலுகை தர முடியாது. கருங்கல்லில் ஊற்று இல்லை; ஆளுக்கு 4 லிட்டராவது வேண்டும். பையையும் சேர்த்து 14, 15 கிலோ வருகிறது. நான் 61 கிலோ. உடம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதே என்பது நடப்பவர்களிடையே வழங்கும் பொதுக் கணக்கு. அதன்படி 12தான் எனக்கு.

இந்த 12ஐ உடம்பில் எங்கே வைப்பது? இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நம்மூரில் சும்மாடு கட்டித் தலையில் வைத்தார்கள். நேபாளத்துச் சுமைக்காரர்கள் நெற்றியில் பட்டை போட்டுத் தம் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் சுமப்பதை 2005ல் அளந்தே எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் சின்ன வயதிலேயே கழுத்து பழகியவர்களுக்கு. கவுண்டர்க்காரனுக்கு இடுப்புதான் கதி. 1952ல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டத்தில் பை கட்டி விற்க ஆரம்பித்தார். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்காரவைக்கும் பட்டை அந்தப் பைகளோடுதான் பரவலாயிற்று. 1967ல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளேயே ஒளித்துவைத்தார். இன்று கடையில் தொங்குகிற பைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு யோசனைகளின் பேரப்பிள்ளைகள்.

இடுப்புப்பட்டை வேலை செய்ய வேண்டுமானால் பையின் முதுகு நீளமும் நம் முதுகு நீளமும் ஒத்துப்போக வேண்டும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை, முதுகுத்தண்டை ஒட்டியே அளக்க வேண்டும். என்னுடையது 43 சென்டிமீட்டர். ஆள் உயரத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் கிடையாது. என்னைவிட அரையடி உயரமான என் நண்பருக்கும் ஏறக்குறைய இதே அளவுதான், மீதியெல்லாம் கால். பெங்களூரில் நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளில் ஒன்றில்தான் டேப் எடுத்து அளந்தார்கள். மற்ற இரண்டிலும் நிறம் கேட்டார்கள்.

தோப்புவரை நடக்க இந்தப் பட்டை தெய்வம் மாதிரி. பாறைக்கு வந்ததும் அதுவே இடைஞ்சல். பட்டை உட்காருகிற இடத்தில்தான் ஹார்னஸும் உட்கார வேண்டும். கயிறு கட்டுகிற இடமும் காரபினர்கள் தொங்குகிற வளையங்களும் பட்டைக்கு அடியில் போய்விடும். கை தேடுகிற நேரத்தில் பொருள் அகப்படாது. அதோடு, உயரமான பையின் தலை நம் தலைக்கவசத்தின் பின்பக்கத்தில் முட்டும். நிமிர்ந்து மேலே பார்க்க முடியாது. சாவன்துர்கா முழுக்கச் சாய்ந்த பாறை. பிடிக்க விளிம்பு கிடையாது, காலணியின் உராய்வை நம்பி உடம்பை அதன்மேல் நிறுத்த வேண்டும். முதுகுச்சுமை பின்னால் இழுத்தால் அந்தக் கணக்கு குலைகிறது. விழுந்தால், கனத்த பை ஆளைத் தலைகீழாகவும் கவிழ்க்கும்.

இதற்குத்தான் கடைக்காரர்கள் 'இரண்டுக்கும் ஆகும்' பையைக் காட்டுகிறார்கள். பட்டையைக் கழற்றலாம், சட்டத்தை உருவலாம், மேல்மூடியைப் பிய்த்து வைத்துவிடலாம். காலையில் மூட்டை, மத்தியானம் சட்டை. கெட்டிக்கார யோசனை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டீவன்சன் ஞாபகம் வந்தார். பி.ஏ. படிப்பு இந்த மாதிரி இடங்களில்தான் உபயோகப்படுகிறது.

1878ல் தெற்கு பிரான்சின் செவென் மலைகளில் நடப்பதற்காக அவர் ஒரு தூங்கும் சாக்கு தைக்கச் சொன்னார். வெளியே தண்ணீர் புகாத வண்டித் துணி, உள்ளே ஆட்டு ரோமம். ராத்திரி படுக்கை, பகலில் பை. ஒன்றே இரண்டும். தைத்து வந்த பிறகு அதை மனிதத் தோளில் தூக்குவதற்கில்லை என்றானது. ஒரு கழுதை வாங்கினார். மொதெஸ்தின் என்று பேர், விலை 65 பிராங்க். 12 நாள் அதை அடித்தும் கெஞ்சியும் நடத்திவிட்டுக் கடைசியில் 35 பிராங்குக்கு விற்றார். (12 நாளில் ஏறக்குறைய பாதி தேய்மானம், எந்த ஆடிட்டரும் ஒப்பமாட்டார்.) மறுவருஷம் வந்த அந்தப் புத்தகத்தைப் பிரயாண இலக்கியமாக எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு பையைப் பற்றிய புத்தகம். இரண்டுக்கும் ஆகிற பை ஒன்றை நாம் விரும்பலாம். அந்த விருப்பத்தின் கனத்தை வேறொரு முதுகு வாங்கிக்கொள்ளும்.

இரண்டு பேர் ஒரு கயிற்றில் போகும்போது கழுதை யார் என்பது தெரிந்ததுதான். முன்னால் ஏறுகிறவன் சுமப்பதில்லை, சுமக்கக்கூடாது. இரண்டாவதாக வருகிறவன் முதுகில்தான் இருவருடைய தண்ணீரும். உச்சியிலிருந்து நடந்து இறங்குவதற்கான செருப்புகளும் அவனிடமே. என் நண்பருக்கு முதுகு நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது. நீ சும்மா வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். சென்ற வருஷத்திலிருந்து அடிக்கடி சொல்கிறார். கழற்றிய நாற்பத்தைந்து லிட்டர் பை என்றால் அதன் எடையும், அதற்குள் இருக்கட்டும் என்று நான் போட்டுவைக்கிறவையும் சேர்ந்து அவர் முதுகுக்குப் போகும். இதை நான் வாங்குவதாக இல்லை.

45 லிட்டரில், எதையும் கழற்ற முடியாத, பட்டை தடித்த, முதுகு 43க்குச் சரியாக உட்கார்கிற பை ஒன்றை எடுத்தேன். கடையிலிருந்த மணல் மூட்டையில் 12 கிலோவை உள்ளே போட்டு அரைமணி நேரம் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம் சட்டைப்பைகள், வலைகள், கொக்கிகள் குறைவாக இருப்பதைத் தேர்ந்தேன். வெளியே தொங்குகிறவை முள்ளில் மாட்டும். துணி 420 டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். எண் கூடக்கூட நூல் தடிமன். இதற்கு மேல் தடித்தது வேண்டாம், இந்தப் பை பாறையைத் தொடப்போவதில்லை. அது தோப்போடு நின்றுவிடும்.

பாறைக்கு வேறு பை. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பை தைக்கிற ஒருவரிடம் தடித்த ரெக்ஸின் துணி கொடுத்து, இரண்டு தோள்வார் மட்டும் வைத்த ஒரு சின்னச் சாக்கு தைக்கச் சொன்னேன். இடுப்புக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும், தலைக்கு மேல் எழும்பக் கூடாது என்று என் முதுகிலேயே அளவு காட்டினேன்.

"இதுல என்ன சார் வைப்பீங்க?"

"ரெண்டு ஜோடி செருப்பு. மூணு லிட்டர் தண்ணி. ஒரு டார்ச்."

"யார் தூக்குறது?"

"ஒரு தடவை நான், ஒரு தடவை அவர்."

அவர் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். தோள்வாரில் ஒரு கொக்கி கூடுதலாக வைத்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி தைத்துத் தருகிறேன், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.