ராஜாஜி மார்க்கில் எழுந்து நின்ற கோடுகள்

புது தில்லியில் ராஜாஜி மார்க் என்னும் வீதி நம்மவர்க்குத் தனி உரிமையுடையது. கவர்னர் ஜெனரல் பதவியை வகித்த ஒரே இந்தியரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதன் 10-ஆம் எண் இல்லத்தில்தான், குடியரசுத் தலைவர் பதவியினின்று ஓய்வு பெற்றபின் அப்துல் கலாம் அவர்கள் 2015-இல் மறையும்வரை வாழ்ந்தார். ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால், செங்கோட்டையும் குதுப் மினாரும் காட்டிய கையோடு அந்தப் பக்கமும் ஒரு நடை அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம்.

2016-ஆம் ஆண்டில் அவ்வீதிக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. பாதசாரிகள் கடந்து செல்வதற்கான வெள்ளைப் பட்டைகளை, தரையினின்று கட்டைகள் எழுந்து நிற்பதுபோல் தோன்றுமாறு புது தில்லி நகராட்சிக் குழுவினர் அங்கே தீட்டுவித்தனர். செய்தித்தாளில் படம் கண்டதும் எங்கள் பையன் விடவில்லை. இரவுப் பணி முடிந்த ஒரு ஞாயிறு காலை, எங்கள் தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உத்யோக் பவன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

அப்பகுதி வீதிகளை அறிந்தோர் அறிவர்: நிழல் மரங்கள் இருமருங்கும் நிற்க, நேராக, அகலமாக, ஓசையின்றிக் கிடப்பவை. அந்த அழகே மோட்டார் ஓட்டிகளுக்கு வேகத்தைத் தூண்டுகிறது. காத்திருந்து காத்திருந்து ஒருவாறு பட்டைகளின்மேல் வந்து நின்றோம். எங்கள் தாயார் கீழே நோக்கினார். "என்னடா இது? கோணல் மாணலாக இழுத்து வைத்திருக்கிறான். இதைப் பார்க்கவா இத்தனை தூரம்?" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. காலடியில் கிடந்தவை வெள்ளையும் கருமையுமாய் நீண்ட பூச்சுகள்தாம். பின்பு நடைபாதையோடு பின்னோக்கிச் சென்று, வாகனங்கள் வரும் திசையிலிருந்து திரும்பி நோக்கினோம். பையன் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டான். "அப்பா, எழுந்துடுச்சு!" என்று கூவினான். மெய்யாகவே எழுந்துவிட்டன. வெள்ளை மேல்முகமாயிற்று, கருமை பக்கச்சுவராயிற்று. பாட்டியின் கையை விடுத்து அதன்மேல் ஏறி நிற்க ஓடப் பார்த்தவனைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடாயிற்று.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பள்ளியிறுதி வகுப்பில் நாம் படித்த வடிவொத்த முக்கோணங்களே போதும். ஐந்தடி உயரத்தில் கண் இருக்கிறது. பத்தடி தொலைவில் ஓரடி உயரப் பெட்டி ஒன்று நிற்பதாகக் காட்ட வேண்டும். கண்ணிலிருந்து பெட்டியின் உச்சியைத் தொட்டுச் செல்லும் கோடு, பன்னிரண்டரை அடியில் தரையைத் தொடும். ஆக, ஓரடி உயரத்துக்கு இரண்டரை அடி நீளம் தீட்ட வேண்டும். இருபதடி தொலைவிலிருந்து காண்போருக்கென்றால் ஐந்தடி. கண் இருக்கும் இடம் மாறினால் கணக்கும் மாறும். ஒரு கண்ணை மூடினால் மயக்கம் மிகுவதும் இதனால்தான். இரு கண்களும் சேர்ந்தால் தரை தரைதான் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக் கண்ணுடைய காமிராவுக்கு அந்தத் தொல்லையில்லை. கிரிக்கெட் மைதானத்துப் புல்லில் தீட்டிய விளம்பரம் தொலைக்காட்சியில் பலகைபோல் நிமிர்ந்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அதுவும் இதே வித்தைதான்.

இவ்வித்தைக்குத் தாய்வீடு இத்தாலி எனலாம். ரோமாபுரியின் புனித இக்னேஷியஸ் ஆலயத்தில், ஆந்திரேயா போட்சோ என்னும் ஓவியர் 1685-இல் தட்டையான துணியில் தீட்டிய குவிமாடம் இன்றும் உண்டு. தரையில் பதித்த குறியின்மேல் நின்றால் மாடம் உயர்ந்து நிற்கும்; பத்தடி விலகினால் சரிந்துவிடும். அந்நாட்டு வீதிகளில் சுண்ணக்கோலால் திருவுருவங்கள் தீட்டிப் பிழைத்தவர்களுக்கு மதோன்னாரி என்று பெயர். மாந்துவா நகருக்கருகே கிராசியே என்னும் சிற்றூரில், 1973 முதல் ஆகஸ்டு நடுவில் அவர்கள் கூடி வரைகிறார்கள். குர்ட் வென்னர் என்னும் அமெரிக்கர் 1980-களில் ரோமாபுரி வீதியில் அவர்களோடு வரைந்து பழகி, போட்சோ கூரையில் செய்ததைத் தரைக்கு இறக்கினார். நடைபாதையில் கிணறும் படிக்கட்டும் திறந்துகொண்டன. மழை ஒன்று பெய்தால் யாவும் சாக்கடையில்! ஆயினும் காண்பவனுக்கு அதனால் தீங்கில்லை. ஏமாந்தோம் என்று சிரித்துக்கொண்டே போகலாம்.

சாலைக்கு வந்தபோதுதான் விளையாட்டு வினையாகிறது. ஓட்டுநர் கட்டையென்று அஞ்சி வேகம் தணிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் திடீரென அஞ்சுபவனுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருபவன் என்ன ஆவான்? நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்பவன் எத்தனை நாள் அஞ்சுவான்? நாங்கள் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் சில வண்டிகள் தயங்கின, சில தயங்கவேயில்லை. தயங்காதவற்றுள் ஒரு டாக்சி ஓட்டுநர் எங்களை நோக்கிச் சிரித்துவிட்டே போனார்.

மற்றொன்றும் எங்கள் மனத்தை உறுத்திற்று. அக்கோடுகளால் யாருக்குக் காவலோ அவர்களுக்கு அந்தப் படம் தெரிவதேயில்லை. அது முழுதும் வருகிறவன் கண்ணுக்காகவே அளந்து தீட்டப்பட்டது. நம் பெண்டிர் தில்லிக் குளிரிலும், மூன்றாம் மாடிக் குடியிருப்பின் வாசலிலும் விடாமல் இடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளிருந்து வருபவருக்கும், படியேறி வருபவருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் அது ஒரே கோலம். எங்கள் தாயார் திரும்பும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். "கோலத்துக்கு எந்தப் பக்கமும் முகந்தான், உங்கள் படத்துக்கு ஒரு பக்கந்தான் முகம்" என்றார். பையனோ செவிமடுக்கவில்லை. வீடு சேர்ந்ததும் கோலமாவு டப்பாவைக் கேட்டான். மாலைக்குள் மாடிப்படியில் பெட்டியா பலகையா என்று தெரியாத ஒன்று முளைத்திருந்தது.

தில்லியின் இந்தச் சோதனை கடல் கடந்தும் சென்றது. இதைக் கண்டு ஊக்கம் பெற்று, 2017-இல் ஐஸ்லாந்து நாட்டின் ஈசாஃபியோர்துர் என்னும் சிறு மீன்பிடி ஊரில் ஒரு குறுகிய தெருவிலும் இவ்வாறே தீட்டினர். அந்தப் புகைப்படங்கள் உலகெங்கும் சுற்றின. அவற்றில் தெருவைக் கடப்போர் அந்தரத்தில் மிதக்கும் கட்டைகள்மேல் நடப்பதாகத் தோன்றும். அவர்கள் குனிந்து பார்த்திருந்தால், எங்கள் தாயார் கண்டதைத்தான் கண்டிருப்பார்கள்.