இது காயல

மண்ணூர்பேட்டையில எங்க மொட்டை மாடிதான் பாப்பாவோட பள்ளிக்கூடம். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குக் காலை ஷிப்ட் வண்டிங்க போற சத்தத்துல துணி காயப்போடுவோம். ரெண்டே கால் வயசு. கிளிப் எடுத்துக் குடுக்கறது அவ வேலை. "அப்பா சட்டை. ஈரம்." போன வாரம் வரைக்கும் இவ்வளவுதான் பேச்சு. நேத்து துணி எடுக்கப் போனா, சாக்ஸைக் கன்னத்துல ஒத்திப் பாத்துட்டு "இது காயல" அப்படிங்கறா. காயல! யாரும் சொல்லித் தரலையே.

முன்னல்லாம் போன்ல ரைம்ஸ் போட்டுக் குடுத்துட்டு என் வேலையப் பாப்பேன். அப்புறம்தான் குழந்தைங்க மொழி கத்துக்கறதை ஆராயற பாட்ரீசியா கூல் குழுவோட 2003 ஆய்வைப் படிச்சேன். நேர்ல விளையாடிக்கிட்டே சீனம் பேசினவங்ககிட்டருந்து அமெரிக்கக் கைக்குழந்தைங்க அந்த ஒலிகளைப் பிடிச்சுக்கிச்சுங்க. அதையே டிவிடியில காட்டினா ஒண்ணும் ஏறல.

இப்போ முருங்கைக்கீரையும் அவளோடதான். உருவு, உதறு, அலசுன்னு பேசிக்கிட்டே செஞ்சா ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம். பாதி தரையில. குழம்பு லேட்டு, அவங்கப்பா முறைப்பு, அதெல்லாம் தனி.

ஒரு சிக்கல். நான் பாத்திரம் 'தேய்'ங்கறேன், திருநெல்வேலி அத்தை 'விளக்கு'ங்கறாங்க. நான் தொடப்பம், அவங்க வாரியல். பாப்பா யோசிச்சு, "விளக்கித் தேய்" ஆக்கிட்டா. தொடப்பத்துக்கு மட்டும் வாரியல்தான். அத்தைக்கு ஒரே சிரிப்பு.