பாவாடை நாடா சொன்ன கணக்கு

நான் முதன்முதலாக டம்பெல்லைக் கையில் எடுத்தபோது வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடையும் தூக்குங்கள் என்றார் டாக்டர். அன்று என் எடை 64 கிலோ. ஆறு வாரம் கழித்து மெஷினில் ஏறி நின்றால் 65.8.

விடியற்காலை எழுந்து, தொடை நடுங்க நடுங்க ஸ்குவாட் போட்டதற்கு இதுவா பலன் என்று அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் 62-க்கு வந்தேன். ஆனால் சுலபமாகத் தூக்கிக்கொண்டிருந்த 6 கிலோ டம்பெல் கனத்தது. மாடிப்படியில் பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எனக்கு 63. போன வாரம் தங்கை மகள் போன் செய்தாள். அவளுக்கு 46. "பெரியம்மா, ஜிம்முக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. ஒண்ணரை கிலோ ஏறிடுச்சு. விட்டுடலாம்னு இருக்கேன்." அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அதன் நார்களில் நுண்ணிய காயம் உண்டாகும். அதை ஆற்ற உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். உழைக்கிற தசை கிளைகோஜன் என்ற எரிபொருளையும் கூடுதலாகச் சேமிக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரம்ப வாரங்களில் ஏறுகிற எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். நம் வயதில் தசை அவ்வளவு சீக்கிரம் வளராது. பிறகு கொழுப்பு மெல்லக் கரையும், தசை மெல்லக் கூடும்; மெஷின் மட்டும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகவே குறைகிறது. அந்த இழப்பை என் கையாலேயே கூட்டிக்கொண்டேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் அதில் இருக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்பு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை எடை மெஷின் சொல்லாது.

எனக்குச் சொன்னது பாவாடை நாடாதான். தினமும் ஒரே இடத்தில் முடிச்சு விழுந்து விழுந்து, அங்கே நாடா கறுத்து நைந்திருக்கும். 65.8 காட்டிய அதே வாரம், முடிச்சு அந்தக் கறுப்பைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. தொங்குகிற நுனி நீண்டிருந்தது. ஜாக்கெட் கை மட்டும் இறுகியிருந்தது. கண்ணெதிரே இருந்தும் அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு மறுபடி ராத்திரி சாப்பாட்டைத் தொடங்கி, சாதத்தைக் குறைத்து, முட்டையும் சுண்டலும் சேர்த்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து மெஷின் 64 என்றது, ஆரம்பித்த அதே எண். முடிச்சோ நாலு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. 20 லிட்டர் தண்ணீர் கேனை யாரையும் கூப்பிடாமல் ஸ்டாண்டில் கவிழ்த்தேன்.

எடையோடு இடுப்பும் சேர்ந்து ஏறினால் அது வேறு விஷயம். தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பார்கள். கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் உடனே போக வேண்டும்; பயிற்சியால் வந்ததென்று இருந்துவிடக் கூடாது.

"இடுப்பை அளந்தியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"சரி, நாளைக்குக் காலையில நாடாவைக் கட்டுறப்ப, முடிச்சு விழுற இடத்துல சிவப்பு நூலால ஒரு தையல் போட்டு வை. ராத்திரி சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதே. மூணு மாசம் கழிச்சு எனக்குப் போன் பண்ணு" என்றேன்.