பெயர் எழுதாத போட்டோ

அக்டோபர் 26, ஞாயிறு

அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் கூடினோம். மாதம் ஒரு நாவல், நூற்றைம்பது பக்கத்துக்குள் என்பது ஏற்பாடு. வேலைக்குப் போகிறவர்களும் முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசலாம். இம்முறை ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’. 1942இல் வந்தது, வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே மொழிபெயர்க்க, 1980இல் க்ரியா வெளியிட்டது.

பேச்செல்லாம் தாய் சாவுக்கு அழாத நாயகன் மெர்சோவைச் சுற்றியே போனது. “பெத்தவளுக்கு அழாதவன் என்ன மனுஷன்?” என்று ஒரு தம்பி கோபப்பட்டான். சாவு வீட்டில் யார் அழுதார், யார் அழவில்லை என்று பார்க்கிற ஊர் நம்முடையது. அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் மெர்சோ கடற்கரையில் ஐந்து முறை சுட்டானே, அந்த அரபுக்காரனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். நாவலில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

நவம்பர் 1, சனி

புதுவை விடுதலை நாள். காலையிலிருந்தே தூறல்.

கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்த பிறகு, 1954இல் இதே நாளில் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ‘அந்நியன்’ கதை நடக்கும் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் வெடித்ததும் அதே 1954 நவம்பர் 1தான்! நாம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962இல்தான் அவர்களுக்கும் விடுதலை. அதற்குள் அங்கே எத்தனை உயிர்கள். இதை அறிந்த பிறகு ‘அந்நியன்’ எனக்கு அயலூர்க் கதையாகத் தெரியவில்லை. ராத்திரி கொலை நடக்கும் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அந்த வெயில் நம் வீராம்பட்டினத்து மணலிலும் அடிக்கிற வெயில்.

நவம்பர் 2, ஞாயிறு

மனசு கேட்காமல் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன். பிரெஞ்சு தெரிந்த, சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டு அக்கா காமெல் தாவுதின் நாவலைக் கொண்டுவந்திருந்தார். தாவுத் அல்ஜீரியப் பத்திரிகையாளர்; நாவல் 2013இல் வந்தது. ‘அந்நியன்’ நாவலில் செத்த அரபுக்காரனின் தம்பி ஹாரூன், கிழவனாகி, ஓரான் நகரத்து மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறான். அண்ணனுக்கு ஒரு பெயர் இருந்தது: மூசா. அக்கா பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, போன வாரம் கோபப்பட்ட தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாவலுக்கு இன்னொரு நாவலாலேயே பதில் சொல்ல முடியும் என்பதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அக்கா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஓரம் நெளிநெளியாக வெட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படம். பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பில் அவருடைய அப்பா. பின்னால் கழுதையைப் பிடித்தபடி தலைப்பாகை கட்டிய ஒருவர். திருப்பினால் அப்பாவின் கையெழுத்தில் ‘ஓரான், 1958’. கூட நிற்பவர் பெயர் இல்லை.

“கேக்காமலே விட்டுட்டேன் தம்பி. அப்பாவும் போய்ட்டார்” என்றார்.

அல்ஜீரியாவுக்குப் போய்வந்த புதுவைச் சொல்தாக்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். கூட நின்றவர்களின் பெயரையும் சேர்த்து.