தொழுகையும் தொண்டும்

உடப்புக் கரையில் மீன்படாத மாதங்களில் இரண்டு பெருகும்: ஒன்று கடன், மற்றொன்று நேர்த்திக்கடன். எங்கள் ஊரார் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள். ஆயினும், வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி ஏற்றவும் அவர்களுட் சிலர் தயங்குவதில்லை.

“கும்பிட்டால் மடியில் மீன் விழுமா, சேர்? விழாதென்றால் எதற்குக் கும்பிட வேண்டும்?” என்று மாணவன் ஒருவன் என்னை வகுப்பிற் கேட்டான். முதற் கேள்விக்கு ‘விழாது’ என்ற ஒரு சொல் போதும். இரண்டாவது கேள்விக்கு வரலாற்றிலிருந்து இருவரைத் துணைக்கழைத்தேன்.

முதல்வர் யோசேப் வாஸ் அடிகள். 1651இல் கோவாவிற் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார், தமிழ் பயின்றார், புத்தளத்திலும் பணிபுரிந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றவரைப் போர்த்துக்கேய ஒற்றரென்று சிறையிலிட்டனர். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது, நோயுற்றோரை உற்றாரும் கைவிட்டனர். அடிகளோ அவர்களைத் தேடிச் சென்று புண் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். எவரிடமும் மதம் கேட்கவில்லை. 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார்.

கொள்ளைநோய்க்கு எதிரே அன்பு போதுமாயிருக்கலாம். சுரண்டலுக்கு எதிரே அது போதுமா? நல்லநாளிற் சம்மாட்டியும் அரிசி அளப்பதுண்டு. ஆனால் பங்குக் கணக்கு மாறுவதில்லை. தருமம் பசியை ஒருநாள் ஒத்திவைக்கும்; பசியின் வேரைத் தொடாது.

இவ்விடத்திலேதான் இரண்டாமவர் வருகிறார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்ரிகோ அடிகள் கற்றறிந்த இறையியலாளர். 1980இல் ஊவாவின் புத்தல பகுதிக்குச் சென்று, பௌத்த உழவரிடையே எளிய வீட்டில் வாழ்ந்தார். அவர்களை மதம் மாற்றுவது அவர் நோக்கமன்று. கரும்புச் செய்கைக்காக நிலமிழந்த ஏழைகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி முடியும் வேளையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். புண்ணைக் கழுவுபவரை உலகம் போற்றும். புண் எதனால் வந்ததென்று கேட்பவரைப் பொறுத்துக்கொள்ளாது.

இவ்விருவருக்கும் செபம் என்பது கேட்டுப் பெறும் வாணிபமன்று. பிறர் விலகி ஓடிய இடத்தில் விலகாது நிற்பதற்கான நாள்தோறும் பயிற்சி அது. கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுப் பாடுகின்றனர். பாட்டா வலையை இழுக்கிறது? கைகளே இழுக்கின்றன. ஆயினும் பல கைகளை ஒரே கணத்தில் ஒரு கையாக்குவது அந்தப் பாட்டே.

நான் கும்பிடுபவனல்லன். கும்பிடுவோரை நோக்கி நகைப்பவனும் அல்லன். கரைசேர்ந்த மீனைப் பங்கிடும்போது பாட்டு உதவாது. இழுத்தவர்கள் ஒன்றுகூடிக் கணக்குக் கேட்கவேண்டும். அதனால், இவ்விரு துறவிகளின் வாழ்வையும் பங்குக் கணக்கையும் ஒரே பாடவேளையிற் கற்பித்து வருகிறேன். தொழுத கைக்குக் கணக்குக் கேட்கவும் தெரியவேண்டும்.