சுவருக்கும் ஓட்டுக்கும்

எங்கள் பக்கத்தில் வாடகை வீடு என்பது ஒரு தொழிலல்ல. பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா சீமெந்துக் கல் அரியத் தொடங்கிவிடுவார். பிள்ளை குமராகு முன்னர் வீடு எழும்பிவிடும். கலியாணம் பேசும்வரை பூட்டி வைத்தால் கறையான் குடியேறும் என்று வெளியூர் ஆசிரியருக்கோ வங்கியில் வேலை செய்பவருக்கோ கொடுத்து வைப்போம். அட்டாளைச்சேனைக்கு மேற்கே வயலோரமாக என் இரண்டு மகள்மாருக்கும் நான் கட்டிய இரு வீடுகளும் அப்படித்தான் வாடகைக்குப் போயின.

காற்றுக்கும் நெருப்புக்கும் காப்புறுதியா என்று சிரித்தவர்கள் ஊரில் பலர். அவர்கள் 1978 நவம்பர் 23ஐக் காணாதவர்கள். அன்று வியாழக்கிழமை. மஃரிபுக்குப் பின், எங்கள் கணக்கில் வெள்ளியிரவு. எனக்கு ஒன்பது வயது. உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு யாசீன் ஓதிக்கொண்டிருந்தா. வாப்பா வண்டில் கயிற்றால் கைமரத்தை யன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தார். சூறாவளி ஓட்டை மேலிருந்து அமுக்குவதில்லை. தாழ்வாரத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி எடுக்கிறது. முதல் ஓடு போன பிறகு மற்றவை தஸ்பீஹ் மணி அறுந்தது போலப் போயின. விடிந்தபோது ஊரில் தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. அந்தச் சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள் என்பதெல்லாம் பிறகு படித்தது. நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் கிடுகுக்குக் கீழே இருந்தோம்.

வாப்பாவிடம் காப்புறுதி பற்றிப் பேசினால், "அல்லாஹ் எடுத்தத கொம்பனிக்காரன் தருவானா?" என்பார். அது தவக்குல் மட்டுமல்ல. ஹராத்தைப் பற்றிய பயமும் அதில் இருந்தது. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்புறுதி கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை ஆகுமென்றும் 1985ல் ஜித்தாவில் கூடிய பிக்ஹு அகடமி தீர்மானித்தது. 1999ல் அந்தத் தகாபுல் முறை இலங்கைக்கும் வந்தது. நாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி தபர்ருஃ, அதாவது நன்கொடை. அதைக் கொண்டே விழுந்தவனைத் தூக்குகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை அறியாத மௌலவி இல்லை. ஆனால் ஒட்டகத்தை எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதில்தான் எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் இன்னும் சண்டை தீரவில்லை.

நான் 2019ல் ஒரு தகாபுல் பத்திரம் எடுத்தேன். படிவம் முதல் தடவை திரும்பி வந்தது. உறுதி மகளின் பெயரில், கையெழுத்து என்னுடையது. சொத்தில் உரித்துள்ளவர்தான் காப்புறுதி செய்யலாமாம். மகளிடம் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பினேன். சுவர் சீமெந்துக் கல், கூரை ஓடு, பெறுமதி 20 இலட்சம். தீ, அத்துடன் மேலதிகக் கட்டுப்பணத்தில் புயலும் வெள்ளமும். வந்த பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது வருடம் படிப்பித்த நானே அதை வாசிக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மூத்தவளின் வீட்டில் அப்போது ஒரு தையல்காரத் தங்கச்சி இருந்தா. கணவர் கத்தாரில். இரண்டு பிள்ளைகள், ஒரு சாதாரண மெசின், தவணைக்கு எடுத்த ஓவர்லொக் மெசின் ஒன்று. 2022ல் எரிவாயு இல்லாமற் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெற்றுச் சிலிண்டர்கள் நாட்கணக்கில் வீதியில் வரிசையில் நின்றன. "சேர், பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டு விறகு எரிக்கட்டா?" என்று கேட்டா. போடுங்கள் என்றேன். நானே நாற்பது கிடுகும் வாங்கிக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று. அஸருக்குக் கொஞ்சம் முந்தி அடுப்புப் பொறி கிடுகில் ஏறியது. கிடுகிலிருந்து தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து கைமரம். ஓடு வெடிக்கிற சத்தம் பட்டாசு போலக் கேட்டதாம். தீயணைப்பு வண்டி பட்டணத்தில். பொடியன்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துத்தான் முன்பக்கத்தைக் காப்பாற்றினார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். குசினியும், மெசின்கள் இருந்த அறையும், கலியாண வீடொன்றுக்குத் தைக்க வந்திருந்த துணியும் போய்விட்டன.

மூன்றாம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார். இளம்பொடியன், மரியாதையானவர். கரிக் கம்புகளைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிடுகுக் கொட்டில் படிவத்தில இல்லையே. உங்களுக்குத் தெரிஞ்சா போட்டாங்க?" என்று கேட்டார்.

கதவுச் சீலைக்குப் பின்னால் அந்தத் தங்கச்சி நிற்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் என் பக்கம் சுத்தமாகிவிடும் என்பதும் தெரியும். "எனக்குத் தெரியும். என்ட அனுமதியோடதான் போட்ட" என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அவர் எழுதுகிற பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியை நானும் மறக்கவில்லை, அவவும் மறந்திருக்கமாட்டா.

கொட்டிலுக்காக அவர்கள் மறுக்கவில்லை. என்னை மடக்கியது வேறொன்று. 2021 நடுப்பகுதியில் 1,000 ரூபாவை ஒட்டி இருந்த சீமெந்துப் பை 2022ல் 3,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. கம்பி, ஓடு, மரம் எல்லாம் அதன் பின்னால் ஓடின. என் வீட்டைத் திரும்பக் கட்ட 40 இலட்சம் வேண்டும் என்று கணித்தார்கள். நான் காப்புறுதி செய்திருந்ததோ 20 இலட்சம். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவனுக்கு நட்டத்திலும் பாதிதான். எரிந்த பாகத்தைத் திருத்த 8 இலட்சம். எனக்கு 4 இலட்சம், அதிலும் நான் சுமக்க வேண்டிய முதற்பங்கு கழித்து. 20 இலட்சம் எழுதியிருக்கிறதே, 8 இலட்சம் அதற்குள்தானே என்று வாதாடிப் பார்த்தேன். அவர் பத்திரத்தில் அந்தப் பந்தியைக் காட்டினார். மூன்று வருடமாக என் அலுமாரியில் இருந்த பந்திதான் அது. வருடா வருடம் புதுப்பிக்கும்போது தொகையை உயர்த்தியிருக்க வேண்டியவன் நான்.

காசோலை வந்த செய்தி எனக்கு முந்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவ பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்தா.

"சேர், இன்சூரன்ஸ் காசு வந்திட்டாமே. எனக்கும் அதுக்குள்ள ஏதும் இரிக்கா?"

நான் விளக்கினேன். இது சுவருக்கும் ஓட்டுக்கும் போட்டது தங்கச்சி, உள்ளுக்கிருந்த சாமானுக்கில்ல, அதுக்கு வாடகைக்கு இருக்கிறவங்க தனியா எடுக்கணும் என்று. அவ அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிடி ஒண்டு எடுக்கலாமென்டு எனக்கு ஆரும் செல்லல்லயே" என்றா. சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். அவவின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நாலு மாத வாடகை வாங்கவில்லை, ஓவர்லொக் மெசினின் மிச்சத் தவணையை நானே கட்டினேன். எரிந்துபோன மெசினுக்குத் தவணை கட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். வீட்டில் மனைவி இதை ஸதகா என்றா. ஸதகா அல்ல, அது கடன் என்று நான் சொன்னதில் இரண்டு நாள் பேச்சில்லை. அடுத்த வருடம் அவ காக்காவின் வீட்டோடு போய்விட்டா.

இப்போது நான் பத்திரத்தை வாசிக்கிறேன். வாடகைக்கு வருகிறவரிடம் சாவியைக் கொடுக்கு முன், சாமான்களுக்குக் காப்புறுதி எடுங்கள், கட்டுப்பணத்தில் பாதி நான் தருகிறேன் என்கிறேன். பலர் என்னைக் கொம்பனியின் தரகர் என்று நினைக்கிறார்கள். கைமரங்களைச் சுவர் வளையோடு இரும்புப் பட்டியால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். வாப்பாவின் கயிற்றை விட அது உறுதி.

வாசித்ததில் இன்னொரு பந்தியும் கண்ணில் பட்டது. வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்புறுதி நின்றுவிடும். கிராமத்து வாடகை வீட்டில் ஒருவர் போய் மற்றவர் வர இரண்டு மாதமும் செல்லும். 2025 ஒக்டோபர் 31ல் அந்த வீட்டிலிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார். நான் கலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். டித்வா சூறாவளி தீவைக் கடந்தது அந்த நாட்களில்தான். மலைநாட்டில் மண் சரிந்த செய்திகளும் வந்தன. நவம்பர் 27, அதுவும் வியாழக்கிழமைதான், மஃரிப் தொழுதுவிட்டுப் பாயும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு அந்த வெறும் வீட்டில் போய்ப் படுத்தேன். இருபத்தேழாம் நாள்.

மின்சாரம் இல்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. தாழ்வாரத்து ஓடுகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டபடி உம்மா ஓதிய யாசீனை ஓதிக்கொண்டிருந்தேன். பத்து மணியிருக்கும், தொலைபேசி அடித்தது. அந்தத் தையல்காரத் தங்கச்சி.

"சேர், காத்து கடுமையா இரிக்கி. ஓட்டுக்கு ஒண்டுமில்லயே?"

"இல்ல தங்கச்சி, இதுக்குள்ளதான் இரிக்கன்" என்றேன். "ஒங்கட பக்கம் எப்படி?"

மெசினைக் கட்டிலுக்கு மேலே ஏற்றிப் பொலித்தீனால் மூடி வைத்திருப்பதாகச் சொன்னா.